தொண்ணூத்தி மூணு

வந்த முதல் வாரம்
பூபாலன் மோட்டாரை உதைத்துக்கொண்டே சொன்னார்:
"தொண்ணூத்தெட்டுக்குப் போயிட்டு
பத்து மணிக்கெல்லாம் வந்துருவேன், மிஸ்."
தலையாட்டினேன்.
புது நாட்டில் எதற்கும் தலையாட்டிவைப்பது பாதுகாப்பு.

பிறகுதான் தெரிந்தது,
செம்பனைக் காட்டுக்கு நட்ட வருசமே பேர்.
எண்பத்தொன்பதில் பாம்பு இருக்கிறது.
இரண்டாயிரத்து நாலில் பாலம் உடைந்துவிட்டது.
தொண்ணூத்தாறில் போன் எடுக்காது;
எங்கள் ஊரிலும் எடுத்ததில்லை அப்போது.
அரை லிட்டர் பெட்ரோலில்
போன காலத்துக்குப் போய்
வியர்த்துத் திரும்புகிறார்கள் சோற்றுக்கு.

நான் கோவில்பட்டிக்காரி.
ஆலையில் எண்ணெய்க்குப் புளிப்பு பார்க்கிற வேலை.
பகாவ் கடைத்தெருவில்
ஆ லெங்கின் இரும்புக் கடைக்கு மேலே அறை,
ஆணியை எடைத்தட்டில் கொட்டும் சத்தத்தில் விடியும்.

வெளிநாடு என்றுதான் விசா ஒட்டினார்கள்.
வந்து பார்த்தால்
நான் பேசுவதுதான் வெளிநாட்டு மொழி.
தமயந்தி கடையில் "டிபன் என்ன இருக்கு?" என்றேன்.
உள்ளே போய் நாலடுக்குத் தூக்குச்சட்டியை
எடுத்து வந்து காட்டினாள்.
"பசியாற என்ன இருக்குன்னு கேளுங்கக்கா."
பார்சல் என்றால் தபாலாபீசுக்குக் கை நீட்டுகிறார்கள்;
சோற்றைக் கட்டினால் அது புங்குஸ்.
மோட்டார் கிணற்றில் இல்லை, ரோட்டில் ஓடுகிறது.
காகித நோட்டுக்குப் பேர் வெள்ளி.
சம்பள நாளில் என் தமிழைக் கேட்டுச் சிரித்தவர்கள்
மாதக் கடைசியில் கடன் கேட்டபோது மட்டும்
நான் சொன்ன "இல்லை" சட்டென்று புரிந்துகொண்டார்கள்.

"பக்கம்தான்" என்று பூபாலன் சொன்னால்
தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும்.
"இப்ப வந்துருவாரு" என்றால் குடையும்.
நாலு மணி மழைக்காக மட்டும்
யாரும் காத்திருந்ததில்லை.

சாக்கடையில் என் நீளத்துக்கு ஓர் உடும்பு படுத்திருந்தது.
முதலை முதலை என்று அலறினேன்.
ஆபீசிலிருந்து கக் ரொஹானா எட்டிப் பார்த்தாள்.
"சத்தம் போடாதே. அது உனக்கு சீனியர்."

சிரம்பான் குடிநுழைவு அலுவலகத்தில்
வந்த காரணம் என்று ஒரு கட்டம்.
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்து நாற்காலி வங்காளதேசத்துப் பையன்
என் தாளை எட்டி எட்டிப் பார்த்தான்,
காப்பியடிக்க.

போன செவ்வாய்
"தொண்ணூத்தி மூணை வெட்டுறாங்க" என்றார் பூபாலன்.
நான் பிறந்த வருசம்.
பின்னால் ஏறிக்கொண்டேன்.
ஹெல்மெட்டுக்குள் அவர் மகளின் எண்ணெய் வாசம்.

மஞ்சள் எந்திரம் ஒன்று
மரத்தின் நெஞ்சில் கை வைத்து
மெல்லத் தள்ளியது,
கூட்டத்தில் வழி கேட்பவரைப் போல.
விழுந்ததை வில்லை வில்லையாக நறுக்கிப்போட்டு
அடுத்ததன் நெஞ்சுக்குப் போனது.
"காய்க்கலையா?"
"காய்க்காம என்ன, நல்லாத்தான் குலை தள்ளுது.
உசந்துருச்சு மிஸ்.
அரிவா எட்ட மாட்டேங்குது."

அன்றிரவு அம்மா கூப்பிட்டாள்.
சாத்தூர்ப் பையன் வீட்டிலும் வேண்டாமென்று விட்டார்களாம்.
ஜாதகம் பொருந்தியதாம், போட்டோ பிடித்ததாம்,
சம்பளத்தைக் கேட்டதும்
வீட்டில் கலந்து பேச வேண்டும் என்றார்களாம்.
"கொறைன்னு ஒண்ணும் சொல்லலை," என்றாள்.
கீழே பூட்டிய கடைக்குள்
ஏதோ ஒரு ஆணி டப்பா தானாகச் சரிந்தது.
"எட்டலையாம்மா."
"என்னது?"
"ஒண்ணுமில்ல. நீ பசியாறியாச்சா?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"மூணே வருசம்," என்றாள் அப்பாவிடம்,
"இவ தமிழையே மறந்துட்டா."